முதற் பருவமும் முந்திய தீர்ப்பும்: பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட எய்பவர் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டம் வெறும் மாணவர் விளையாட்டாக நின்றுவிடுவதில்லை. தொழின்முறை ஆட்டத்துக்கு வீரரை வழங்கும் நாற்றுமேடையாகவும் அது விளங்குகிறது. ஆண்டுதோறும், பெரும்பாலும் யூன் மாதத்தில், தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தைச் சேர்ந்த அணிகள் வரிசைமுறையாகப் புதிய வீரரைத் தெரிவுசெய்கின்றன. அவ்வேளைகளில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. தொலைவிலிருந்து பந்தை எய்து தம் பல்கலைக்கழகத்துக்குப் புகழ் தேடித்தந்த இளைஞர், தொழின்முறைக் களத்தின் முதற் பருவத்திலேயே வெற்றி பெறுவாரா என்பதே அது.

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் மரபாகிவிட்டன. வளையத்தின் உயரம் இரு களத்திலும் பத்து அடியே, பந்தும் ஏறத்தாழ அதுவே, எய்யும் கையும் அதே கை. ஆதலின் அங்கு எய்தவர் இங்கும் எய்வார் என்பது ஒரு சாரார் கூற்று. அவர் குள்ளர், வேகம் குறைந்தவர், எதிரியைத் தடுக்கவியலாதவர். ஆதலின் தோற்பார் என்பது மறுசாரார் கூற்று. முதலாவது கூற்று கையை மட்டும் நோக்குகின்றது. இரண்டாவது உடலை மட்டும் நோக்குகின்றது. இரண்டும் களத்தை நோக்குவதில்லை. அதனினும் பெருங் குறை, ‘வெற்றி’ என்ற சொல்லுக்கு ஓராண்டு என்னும் எல்லையை இரண்டுமே கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதாகும். அந்த எல்லை எத்துணை பொருத்தமானது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஆட்ட இரசிகரின் பொழுதுபோக்கு விவாதந்தானே என எண்ணலாம். அவ்வாறன்று. 2005ஆம் ஆண்டில் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பின்னர், முதற் சுற்றில் தெரிவாகும் வீரருக்கு இரண்டு ஆண்டுகளுக்கே ஊதிய உறுதி உண்டு. மூன்றாம் ஆண்டு அவரை வைத்திருப்பதா, விடுவதா என்பது அணியின் விருப்பம். அவ்விருப்பத்தை அணி தெரிவிக்கவேண்டிய காலமோ, அவர் இரண்டாம் பருவத்தை ஆடத்தொடங்கும் வேளையாகும். அதாவது முதற் பருவம் ஒன்றே சான்றாக அமைய, இருபது அல்லது இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரின் தொழில் பற்றிய தீர்ப்பு எழுதப்படுகின்றது. ஆகவே, விமர்சகர் கூறும் சொல் வெறுங் கருத்தாக நில்லாது, வீரருக்குக் கிடைக்கும் ஆட்ட நிமிடங்களாகவும் கிடையாத நிமிடங்களாகவும் மாறும் தன்மையது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

முதலில் இரு களங்களுக்குமிடையேயான வேறுபாட்டை நோக்குவோம். தொழின்முறைக் களத்தில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 23 அடி 9 அங்குலத் தொலைவில் உள்ளது. மூலைகளில் மட்டும் 22 அடி. பல்கலைக்கழகக் களத்தில் 1986இல் அக்கோடு 19 அடி 9 அங்குலத்தில் வரையப்பட்டது. 2008இல் ஓரடி பின்னகர்த்தப்பட்டது. 2019இல் 22 அடி 1¾ அங்குலமாயிற்று. பல்கலைக்கழக ஆட்டம் 40 நிமிடம், தொழின்முறை ஆட்டம் 48 நிமிடம். பின்னையதில் பந்தைப் பெற்ற அணி 24 விநாடிகளுக்குள் எய்தல் வேண்டும். முன்னையதில் 1993 முதல் 35 விநாடிகளும் 2015 முதல் 30 விநாடிகளும் வழங்கப்பட்டன. மாணவர் ஓராண்டில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆட்டங்கள் ஆடுவர். தொழின்முறை வீரரின் பருவம் 82 ஆட்டங்களைக் கொண்டது.

இவற்றுள் தொலைவையே பலரும் முதன்மைப்படுத்துவர். ஆனால் தொலைவு உண்மையான தடையன்று என்பதற்கு வலுவான சான்று உளது. ஸ்ரெபன் கறி டேவிட்சன் என்னும் சிறிய கல்லூரியில் தமது இறுதிப் பருவமான 2008-09இல் மூன்று புள்ளி எறிவுகளில் நூற்றுக்கு 38.7 வீதத்தையே வளையத்துள் இட்டார். அடுத்த பருவத்தில், மூன்றடி கூடுதலான தொலைவிலிருந்து, உலகின் தேர்ந்த தடுப்பாளர்களுக்கு எதிராக அவரது வீதம் 43.7 ஆக உயர்ந்தது. வாஷிங்ரன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிளே தொம்சன் 2011இல் 39.8 வீதத்தோடு வெளியேறித் தொழின்முறையின் முதற் பருவத்தில் 41.4 வீதம் பெற்றார். கோடு பின்செல்ல, எய்தல் கூர்மை பெற்றது.

இம்முரண்பாட்டின் விளக்கம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கின்றது. பல்கலைக்கழக அணியில் எய்பவர் ஒருவர் புகழ்பெற்றுவிட்டால் எதிரணி முழுவதும் அவர்மீதே கண்வைக்கும். 2008 நவம்பரில் மேரிலாந்தின் லொயோலா அணி, ஆட்டம் முழுவதும் கறியை இரு தடுப்பாளர்கள் விடாது பின்தொடருமாறு செய்தது. அவர் ஒரு மூலையில் சென்று நின்றுகொண்டார். ஒரு புள்ளிதானும் பெறவில்லை. எஞ்சிய நால்வரும் மூவருக்கெதிராக ஆட, டேவிட்சன் 78–48 என வென்றது. தொழின்முறை அணியிலோ ஐவரும் ஆற்றலுடையோர். ஒருவரைச் சூழ இருவரை விடுவது எளிதன்று. ஆகவே அங்கு எய்பவருக்குக் கிடைக்கும் எறிவுகள் எண்ணிக்கையிற் குறைந்தாலும் தன்மையிற் சிறந்தவையாக அமைதல் கூடும். அவர் இழப்பது வேறொன்று: பந்தைக் கையில் வைத்திருக்கும் உரிமை. இதுவே இப்பிரச்சினையின் மையம் எனக் கொள்ளலாம்.

2006ஆம் ஆண்டு இதனை ஆராய்வதற்குச் சிறந்த களமாகும். அவ்வாண்டிலே நாடு முழுவதும் இருவரை ஒப்பிட்டுப் பேசியது. கொன்சாகாவின் அடம் மொரிசன் ஆட்டமொன்றுக்கு 28.1 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் இருந்தார். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே. ஜே. றெடிக் 26.8 புள்ளிகளோடு அடுத்து நின்றார். றெடிக் நான்கு ஆண்டுகளில் 2,769 புள்ளிகளும், அன்று தேசியச் சாதனையாயிருந்த 457 மூன்று புள்ளி எறிவுகளும் பெற்றவர். மொரிசன் மூன்றாவதாகவும் றெடிக் பதினோராவதாகவும் தெரிவாயினர். ஷாலற் அணியில் மொரிசன் தம் முதற் பருவத்தில் 11.8 புள்ளிகள் பெற்றார். ஒர்லாண்டோவில் றெடிக் 42 ஆட்டங்களில் மட்டும் இறங்கி 6.0 புள்ளிகள் பெற்றார். புள்ளிக் கணக்கையே அளவுகோலாகக் கொண்டவர்க்கு விடை தெளிவாயிருந்தது: மொரிசன் ஏறத்தாழ இருமடங்கு வெற்றியாளர்.

ஆயினும் அந்த 11.8இன் உள்ளீடு என்ன? மொரிசனின் எறிவுகளில் 37.6 வீதமே வளையத்துள் வீழ்ந்தன. எறிவதற்கு உரிமை இருந்தது; பயன் குறைவாயிருந்தது. 2007 ஒக்ரோபரில் முழங்காலில் ஏற்பட்ட காயம் அடுத்த பருவத்தை முற்றாகப் பறித்தது. 2010இன் பின்னர் அவர் அச்சங்கத்தின் பருவ ஆட்டமெதிலும் இறங்கவில்லை. றெடிக்கோ இரண்டாம் பருவத்தில் மேலும் தாழ்ந்தார். 34 ஆட்டங்கள், ஆட்டமொன்றுக்கு எட்டு நிமிடமளவில், 4.1 புள்ளிகள். அவ்வேளையில் அவரைத் தோல்வியுற்றவர் எனக் கூறாதோர் சிலரே. அவர் பதினைந்து பருவங்கள் ஆடினார். 2015-16இல் 47.5 வீதத்தோடு சங்கம் முழுவதிலும் மூன்று புள்ளி எய்வோருள் முதல்வரானார். தம் வாழ்வின் மிக உயர்ந்த சராசரியான 18.1 புள்ளிகளை அவர் பெற்றது 2018-19இல், பதின்மூன்றாம் பருவத்தில்.

இனி மற்றொருவரை நோக்குவோம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜிம்மர் பிரெடெற் 2010-11இல் 28.9 புள்ளிகளோடு நாட்டின் முதல்வர். கோட்டுக்கு வெகு தொலைவிலிருந்தே எய்யும் அவரது துணிவு அவரைப் பெரும் புகழுக்குரியவராக்கியது. மில்வோக்கி அவரைப் பத்தாவதாகத் தெரிவுசெய்து சக்ரமென்ரோவுக்குக் கைமாற்றியது. பதினோராவதாகத் தெரிவானவர் தொம்சன். பிரெடெற் தம் முதற் பருவத்தில் 7.6 புள்ளிகள் பெற்றார். அவரது கை பொய்த்துவிட்டது என அன்று எழுதப்பட்டது. உண்மை அதுவன்று. மூன்று புள்ளி எறிவுகளில் பல்கலைக்கழக இறுதிப் பருவத்தில் 39.6 வீதம் பெற்றவர் சக்ரமென்ரோவில் 36.1 வீதம் பெற்றார். வீழ்ச்சி உண்டு, ஆனால் 28.9 புள்ளிகள் 7.6 ஆனமைக்கு அது காரணமாகாது. ஆட்டமொன்றுக்கு இருபதுக்கு மேல் எய்தவருக்கு ஏழளவிலேயே வாய்ப்புக் கிடைத்தது. களத்தில் நின்ற நேரம் ஏறத்தாழப் பாதியாயிற்று. கை அதே கையாயிருந்தது, பணி வேறாயிற்று.

இங்கு ஒரு சிறு கணக்கை முன்வைக்க விரும்புகிறேன். றெடிக் தம் முதற் பருவத்தில் ஆட்டமொன்றுக்கு 14.8 நிமிடம் ஆடி 6.0 புள்ளிகள் பெற்றார், பிரெடெற் 18.6 நிமிடம் ஆடி 7.6 புள்ளிகள் பெற்றார். இருவரும் 36 நிமிடம் ஆடியிருந்தால் எனக் கணித்தால் றெடிக்குக்கு 14.6 புள்ளிகளும் பிரெடெற்றுக்கு 14.7 புள்ளிகளும் வருகின்றன. ஒரே பயன். ஒருவர் பதினைந்து பருவங்கள் நின்றார். மற்றவரைச் சக்ரமென்ரோ 2014இல் விடுவித்தது. முதற் பருவத்தின் புள்ளியளவு எதிர்காலத்தைக் கூறவல்லதாயின், இவ்விருவரின் எதிர்காலமும் ஒத்திருந்திருத்தல் வேண்டும். அவ்வாறு அமையாமையால், நாம் தேடவேண்டியது அந்த எண்ணுக்கு வெளியே உள்ளது என்பது பெறப்படும்.

அது யாது? டியூக்கில் றெடிக் பந்தைப் பிறர் கையில் விட்டு ஓடியவர். தோழர் உடலால் அமைக்கும் மறிப்புகளைச் சுற்றி ஓடி, தடுப்பாளர் ஓரடி பின்தங்கும் கணத்தில் பந்தைப் பெற்று, பெற்ற வேகத்திலேயே எய்தல் அவரது முறை. எந்த அணிக்கும் வேண்டப்படும் பணி அது. வேறொருவரின் இடத்தைப் பறிக்காத பணி. அவரிடம் இல்லாதது தடுப்பாற்றல். அதனை அவர் ஈட்டிக்கொண்டார். 2009ஆம் ஆண்டின் இறுதிக்கட்டப் போட்டிகளில் ஒர்லாண்டோவின் கோட்னி லீ காயமுற்றபோது, பொஸ்ரன் அணியின் றே அலனைத் தடுக்கும் பொறுப்பு றெடிக்கிடம் வந்தது. தம் காலத்து எய்வோருள் தலைசிறந்தவரைப் பின்தொடர்ந்து ஓடும் வேலை அது. ஏழு ஆட்டங்கள் நீடித்த அத்தொடரில் ஒர்லாண்டோ வென்றது. எய்பவராகத் தெரிவானவர், எய்பவரைத் தடுத்தமையாலேயே களத்தில் தம் இடத்தை உறுதிசெய்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

பிரெடெற்றின் கலை வேறுவகையினது. பந்து அவர் கையில் இருத்தல் வேண்டும். தட்டித் தட்டி முன்னேறி, தாமே கணத்தைத் தெரிந்து எய்தல் வேண்டும். அத்தகைய கலைஞருக்கு ஓரணி முழுவதும் வழிவிடவேண்டியிருக்கும். சக்ரமென்ரோவில் வழிவிட எவருக்கும் காரணமிருக்கவில்லை. அதே அணி அதே ஆண்டில் அறுபதாவதாக, அதாவது கடைசி ஆளாகத் தெரிவுசெய்த ஐசாயா தோமஸ், உயரத்தில் ஆறடிக்கும் குறைந்தவர், 11.5 புள்ளிகள் பெற்றுப் பந்தைக் கையாளும் இடத்தைத் தமதாக்கிக்கொண்டார். பிரெடெற் குள்ளமாயிருந்தமையால் தோற்றார் என்பார்க்கு இது விடையளிக்கும். 2013-14இல் சக்ரமென்ரோவுக்காக அவர் எய்த மூன்று புள்ளி எறிவுகளில் ஏறத்தாழப் பாதி வளையத்துள் வீழ்ந்தன. அவ்வாறிருந்தும் அவ்வணி பருவம் முடியுமுன்னரே அவரை விடுவித்தது. நன்றாக எய்பவர் நிலைப்பார் என்பார்க்கு இது விடையளிக்கும்.

பிரெடெற்றை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. 2011இல் உரிமையாளருக்கும் வீரருக்குமிடையே எழுந்த தொழிற் பிணக்கினால் கோடைக்காலப் பயிற்சிப் போட்டிகள் நடைபெறவில்லை. பருவம் நத்தார் நாளில் தொடங்கி 66 ஆட்டங்களாகச் சுருங்கியது. புதியவர்களுக்குக் கற்பதற்கு எஞ்சியிருந்த காலமும் அற்றுப்போயிற்று. அணியின் பயிற்றுநர் போல் வெஸ்ற்பால் ஏழு ஆட்டங்களோடு நீக்கப்பட்டார். நாற்றை நடும் வேளையில் வயலின் சொந்தக்காரர் மாறிவிட்டார் எனலாம்.

இதற்கு மறுப்பாகக் கறியையும் தொம்சனையும் காட்டுதல் கூடும். ஏழாவதாகத் தெரிவான கறி முதற் பருவத்திலேயே 17.5 புள்ளிகளும், அதுவரை எப் புதுமுகமும் பெற்றிராத 166 மூன்று புள்ளி எறிவுகளும் பெற்றார். தொம்சன் 12.5 புள்ளிகள் பெற்றார். உண்மையான ஆற்றல் முதலாண்டிலேயே தன்னைக் காட்டிவிடும் அல்லவா? வினா நியாயமானதே. ஆனால் இருவர்க்கும் வாய்த்த சூழலைக் காண்க. கறி சேர்ந்த கோல்டன் ஸ்ரேற் அப்பருவத்தில் 26 வெற்றிகளும் 56 தோல்விகளும் கண்ட அணி. புதுமுகம் ஒருவரை ஆட்டமொன்றுக்கு 36 நிமிடம் ஆடவிடுவதால் அதற்கு இழப்பு எதுவுமில்லை. மேலும் டேவிட்சனின் பயிற்றுநர் பொப் மக்கிலொப் அவரை இறுதிப் பருவத்தில் எய்பவர் நிலையிலிருந்து பந்தை வழிநடத்துபவர் நிலைக்கு மாற்றியிருந்தார். தொழின்முறைக் களம் கேட்கவிருந்த பாடத்தை அவர் ஓராண்டு முன்னரே கற்றார். தொம்சனுக்கு நிலையான இடம் கிடைத்தது 2012 மார்ச்சில் மொன்ரா எலிஸ் மில்வோக்கிக்குக் கைமாற்றப்பட்ட பின்னரே. அவர்கள் ஆற்றல் மிக்கோர் என்பதில் ஐயமில்லை. அவ்வாற்றல் முதற் பருவத்திலேயே வெளிப்பட்டதற்கு வெற்றிடம் ஒன்று காத்திருந்தமை காரணமாயிற்று என்பதிலும் ஐயமில்லை.

எண்களை நம்புவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தின் றீட் ஷெப்பேட் 2023-24இல் 144 மூன்று புள்ளி எறிவுகளில் 75ஐ வளையத்துள் இட்டு 52.1 வீதம் பெற்றார். 2024இல் மூன்றாவதாக ஹூஸ்ரன் அணிக்குத் தெரிவானார். 52 வீதம் வியப்புக்குரியதே. ஆனால் அந்த எழுபத்தைந்தில் பத்து மட்டும் வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே சென்றிருந்தால் வீதம் 45 ஆகியிருக்கும். ஏறத்தாழ முப்பது ஆட்டங்களில் பத்து எறிவுகள் தற்செயலின் கையிலே உள்ளன. முதற் பருவத்தில் ஷெப்பேட்டுக்குப் பன்னிரண்டு நிமிடமளவே கிடைத்தது. வீதம் 34ஐ ஒட்டி நின்றது. 52ஐ வைத்து அவரை மேதை என்றதும் தவறு. 34ஐ வைத்து அவரை ஏமாற்றம் என்றதும் அதே தவறு. சிறு எண்ணிலிருந்து பெருந் தீர்ப்பைப் பிறப்பிக்கும் பழக்கமே இரண்டுக்கும் மூலம்.

அவ்வாறாயின் எய்பவர் ஒருவரை எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும்? மேற்கூறியவற்றிலிருந்து நான்கு வினாக்கள் பிறக்கின்றன. பந்து கையில் இல்லாத வேளையில் அவர் என்ன செய்கிறார் என்பது முதலாவது. பந்தைப் பெறுவதற்கும் விடுவதற்குமிடையே அவருக்கு எத்துணை நேரம் தேவை என்பது இரண்டாவது. இதுவே உயரக் குறைவை ஈடுசெய்வதாகும். எய்யாத வேளையில், குறிப்பாகத் தடுக்கும் பணியில், அவர் அணிக்குச் சுமையா, துணையா என்பது மூன்றாவது. நான்காவது அவரைப் பற்றியதன்று. அவரைத் தெரிந்த அணியைப் பற்றியது. அங்கு அவருக்கு இடம் உண்டா? கற்பிக்கப் பொறுமை உண்டா? முதல் மூன்றையும் கேட்போர் பலர். நான்காவதைக் கேட்போர் சிலரே. ஏனெனில் அவ்வினாவுக்குப் பதில் கூறவேண்டியவர் இளைஞரல்லர், அவரை விலைக்குக் கொண்டவர்.

எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடையை இவ்வாறு தொகுத்துரைக்கலாம். பல்கலைக்கழகத்தில் சிறந்த எய்பவர் தொழின்முறையின் முதற் பருவத்தில் வெற்றி பெறுதல் கூடும். அதற்கு அவர் கையைவிட அவருக்கென ஒழிந்திருக்கும் இடமே கூடுதலாகத் துணைசெய்கின்றது. வெற்றி பெறாதுபோயின், அது அவர் தோல்விக்குச் சான்றாகாது. ஒரு நூலாசிரியரின் முதல் நூலைக்கொண்டு அவரது முழு ஆக்கத்தையும் அளத்தல் முறையன்று என இலக்கியத் திறனாய்வில் ஏற்றுக்கொள்ளும் நாம், ஆடுகளத்து இளைஞருக்கும் அந்நீதியை மறுத்தல் ஆகாது.

2024இல் றெடிக் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கேர்ஸ் அணியின் பயிற்றுநரானார். அவ்வாண்டு அவ்வணி பதினேழாவதாகத் தெரிவுசெய்த டோல்ரன் கனெக்ற், ரெனசிப் பல்கலைக்கழகத்தின் எய்பவர். 2024 நவம்பர் 19ஆம் நாள் யூற்றா அணிக்கெதிராக அவர் 37 புள்ளிகளும், புதுமுகம் ஒருவர் ஓராட்டத்தில் பெற்ற மிகக்கூடிய எண்ணிக்கைக்குச் சமமாக ஒன்பது மூன்று புள்ளி எறிவுகளும் பெற்றார். மூன்று மாதங்கள் செல்லுமுன் 2025 பெப்ரவரியில் அவரை ஷாலற்றுக்குக் கைமாற்ற அவ்வணி உடன்பட்டது. மாற்றாகப் பெறவிருந்த வீரர் மருத்துவச் சோதனையில் தேறாமையால் அவ்வுடன்பாடு கைவிடப்பட, கனெக்ற் மீண்டும் லேக்கேர்ஸ் அணியின் ஆடையை அணிந்தார். போற்றுதலும் கைமாற்றலும் திரும்பலும் ஒரே பருவத்தில் நிகழ்ந்தன. அவர் கையோ, இம்மூன்று வேளைகளிலும் ஒரே கைதான். அன்று களத்தின் ஓரத்தில் பயிற்றுநராக நின்றவர், தம் முதலிரு பருவங்களில் ஆடக் கிடைத்ததைவிட அமர்ந்திருக்கக் கிடைத்த நேரமே மிகுந்தவர். அந்த இரு பருவங்களோடு அவர் பெயரும் முடிந்திருக்கலாம். முடியாமைக்குக் காரணம் அவர் உழைப்பும், அவரைப் பற்றிய முடிவை எழுத எவரோ சற்றுக் காத்திருந்தமையுமேயாகும்.